விட்ட பிடியில் வாழ்ந்தவர்

ஒரு மனிதன் தான் செய்த காரியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தான் செய்யத் தவறிய காரியத்தை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள எங்கள் தொடர்மாடியின் மூன்றாவது மாடியில், என் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. இரண்டுக்கும் இடையில் ஐந்து அடி. அந்த ஐந்து அடியில் நின்று அவர் என்னிடம் ஒரே கதையை இருநூற்றுப் பதினாறு தடவை சொன்னார். நான் எண்ணத் தொடங்குவதற்கு முன் சொன்னவை இதில் சேரவில்லை.

கதை இவ்வளவுதான். இந்த நாட்டுக் கிரிக்கெட் அணியில் பல வருடம் ஆடிய ஓர் இடதுகைத் துடுப்பாட்டக்காரர் இருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் அதைப் போதிய அளவு சொல்லிவிட்டார். அந்த ஆட்டக்காரர் ஒருவருக்கும் தெரியாத பத்தொன்பது வயதுப் பொடியனாக இருந்தபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், ஓர் ஓட்டமும் எடுக்காத நிலையில் ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தார். என் எதிர்வீட்டுக்காரர் அந்தப் பிடியை விட்டார். பொடியன் அன்று நூற்று முப்பத்தேழு ஓட்டங்கள் எடுத்தான். பார்த்துக்கொண்டிருந்த பெரிய கழகமொன்றின் ஆட்கள் அடுத்த வாரமே அவனை அழைத்துக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் அவன் நாட்டு அணியில்.

"நான் அண்டைக்குப் பிடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும், சொல்லுங்கோ அண்ணை?" என்று கேட்பார்.

"அவுட்."

"அவுட் மட்டுமில்லை அண்ணை. அந்த ஆளே இல்லை. இந்த நாட்டுக்கு அப்பிடியொரு ஆள் கிடைச்சிருக்கமாட்டார்."

பிடியை விடுவது எவராலும் முடியும். பதினொரு பேரில் பத்துப் பேர் விட்டுவிட்டு வெட்கப்படுவார்கள். விட்டதைத் தேசத் தொண்டாக மாற்றிக்கொள்ள இவர் ஒருவரால்தான் முடிந்தது. விழுந்த இடத்திலெல்லாம் ஒரு மண்டபம் கட்டிக்கொள்ளும் ஆள்.

அந்த நாளில் நாங்கள் இருவரும் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் எழுதுவினைஞர்கள். கம்பனிக்கு ஓர் அணி இருந்தது. அதில் அவர் களத்தடுப்பாளர் என்று சொல்லப்பட்டார். நான் விளையாடியதில்லை. ஸ்கோர் எழுதும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மைதானத்தில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான். மற்றவர்கள் ஆடினார்கள், விழுந்தார்கள், சத்தம் போட்டார்கள். நான் ஒரு பந்தையும் தவறவிடவில்லை.

அந்தப் பந்தை வீசியவர் எங்கள் கம்பனியின் வேகப்பந்து வீச்சாளர். பிடியை விட்டதற்கு மன்னிப்புக் கேட்க இவர் ஒரு சோடா போத்தலுடன் அவருடைய வீட்டுக்குப் போனார். போன வீட்டில் தங்கச்சி கதவைத் திறந்தாள். ஆறு மாதத்தில் கல்யாணம். "அண்ணன்ட பந்தை விட்டுட்டு என்னைப் பிடிச்சவர்" என்று அந்த மனிசி எவர் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள். அண்ணன்காரன் அடுத்த வருடமே கப்பலேறிப் போய் கிரிக்கெட்டை மறந்துவிட்டான். மறக்கத் தெரிந்தவன்.

இவர் பிறந்தது வலது கையோடு. ஆனால் அந்த ஆட்டக்காரர் நாட்டுக்காக முதல் சதம் அடித்த வருடத்திலிருந்து இடது கைக்கு மாறினார். அழைப்புமணியை இடது கையால் அழுத்தினார். பஸ்ஸில் கம்பியை இடது கையால் பிடித்தார். கையெழுத்தையும் மாற்றப் பார்த்தார், அலுவலகத்தில் மனேஜர் அனுமதிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் விபூதிக்கு இடது கையை நீட்டினார்.

"கை மாறிப்போச்சு" என்றார் ஐயர்.

"இல்லை ஐயா, இதுதான் கை."

ஐயர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப மற்றதை வீட்டில வச்சிட்டோ வந்தனீர்?"

வரிசையில் நின்ற ஏழு பேர் சிரித்தார்கள். எட்டாவதாகச் சிரித்தவர் இவர். அன்று மாலையே அதையும் எனக்குப் பெருமையாகச் சொன்னார். அவமானம் அந்த மனிதரின் தோலைத் தொடவே தொடாது.

அந்த வீட்டில் அரிசி அளந்ததும் ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஆட்டக்காரர் குறைந்த ஓட்டத்தில் ஆட்டமிழந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆகையால் மனிசி உலை வைப்பதற்கு முன் என் கதவைத் தட்டுவாள். என்னிடம் நல்ல வானொலி இருந்தது.

"அண்ணை, இருபதைத் தாண்டிட்டாரோ?"

"பதினொன்றில் போல்ட்."

"அப்ப ஒரு சுண்டு அரிசி போதும். நான் மட்டும்தானே."

ஐம்பதைத் தாண்டினால் இரண்டரைச் சுண்டு, நூறென்றால் பாயாசமும். நாலைந்து தொடர் ஆட்டங்களில் ஆட்டக்காரர் சறுக்கிய வருடம் இவருடைய இடுப்புப் பட்டிக்கு இரண்டு புதுத் துளை வேண்டியிருந்தது. வளர்ந்த மனிதர். படித்த மனிதர். சாமிக்கு விரதம் இருப்பவனைக் கூட நான் ஓரளவு விளங்கிக்கொள்வேன். சாமி ஒரு நாளும் கால்காப்பில் பந்து பட்டு ஆட்டமிழப்பதில்லை.

அந்தச் சறுக்கலுக்கும் அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு இவர் வீடு மாறியதுதான் காரணமாம். பிடியை விட்ட இடத்தை இவர் விட்டுவிட்டு வந்தது ஆட்டக்காரருக்கு ஆகவில்லையாம். அதன் பிறகு முக்கியமான ஆட்டம் நடக்கும் நாட்களில் காய்ச்சல் என்று கம்பனிக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, கொட்டாஞ்சேனை மைதானத்து மூலையில் உள்ள தேத்தண்ணிக்கடை வாசலில் போய் நிற்பார்.

"தம்பி, ஆட்டம் நடப்பது ஆஸ்திரேலியாவில்" என்றேன்.

"தெரியும் அண்ணை. அவ்வளவு தூரத்திலயிருந்து ரேடியோ இஞ்ச வரேக்க, வெள்ளவத்தையில இருந்து நான் கொட்டாஞ்சேனைக்குப் போகக்கூடாதோ?"

அன்று ஆட்டக்காரர் எண்பத்தெட்டு எடுத்தார். அதுதான் ஆத்திரம்.

யுத்த காலத்தில் காலி வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டோம். என்னிடம் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்துண்டு, கம்பனிக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம் என்று நான்கு கடதாசிகள் ஒழுங்காக இருந்தன. இவரிடம் அடையாள அட்டை மட்டும். பதிவுத்துண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பொலிஸ்காரர் முறைத்தார். இவர் தன் உடைந்த சிங்களத்தில், சட்டைப்பையில் வைத்திருந்த ஆட்டக்காரரின் படத்தை எடுத்துக் காட்டி, "இவர்ட கெச்சை விட்டது நான்தான், மாத்தயா" என்றார்.

"எத்தத?" என்றார் பொலிஸ்காரர். உண்மையா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு மற்றவரையும் கூப்பிட்டார். இவர் நடுவீதியில் நின்று பந்து எப்படி மேலே போனது, எப்படி நெஞ்சில் பட்டது, எப்படிப் புல்லில் விழுந்தது என்று ஆடிக் காட்டினார். நான்கு நிமிடத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். நான்கு கடதாசியும் சரியாக வைத்திருந்த என்னை நாற்பத்தைந்து நிமிடம் சுவரோரம் நிறுத்தினார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்தில் எனக்காகக் காத்து நின்றார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. காத்து நிற்கும்படி நான் கேட்கவில்லை.

ஆட்டக்காரர் ஓய்வு பெற்ற அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. இவர் வெள்ளைச் சாரத்துடன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து, கீழ்மாடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரரான முஸ்லிம் பெரியவர், செத்தவீடு என்று நினைத்து ஒரு பெட்டி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து மெதுவாக, "யாரு மௌத்தானது?" என்று கேட்டார். விஷயத்தை அறிந்ததும் எழும்பி, இடியப்பப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாடியில் புத்தியுள்ளவன் நான் மட்டுமல்ல என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

இனி, நான் அத்தனை வருடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பந்தை அடித்தது அந்த ஆட்டக்காரர் அல்ல.

அடித்தது மறுமுனையில் ஆடிய மற்றத் தொடக்க ஆட்டக்காரன். வலதுகைக்காரன், பின்னாளில் எங்கோ இரும்புக்கடை வைத்தவன். பந்து நேரே மேலே போனது. நான்கு வினாடி. அந்த நான்கு வினாடியும் இவர் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் ஓடி இடம் மாறினார்கள். பிடி விழுந்தது, ஓர் ஓட்டம். இவர் புல்லிலிருந்து தலையைத் தூக்கியபோது துடுப்புடன் பந்தை எதிர்கொள்ள நின்றவர் நம்முடைய ஆட்டக்காரர். அடுத்த பந்தை அவர் நான்குக்கு அடித்தார். இவர் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பந்தை மட்டும் பார்க்கிறவனுக்குத்தான் இப்படி நடக்கும்.

என் ஸ்கோர் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. பந்துவீச்சாளரின் மூன்றாவது ஓவரின் முதல் நான்கு பந்துகளுக்கு, ஓட்டமில்லாத இரண்டு புள்ளி, ஓர் ஒன்று, ஒரு நான்கு. அந்த ஒன்று இரும்புக்கடைக்காரனின் வரிசையில் முதலாவதாக நிற்கிறது. அந்த நான்கு மற்றவரின் வரிசையில் முதலாவதாக நிற்கிறது. விட்ட பிடியை ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவதில்லை, அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் எந்தப் பந்தில் விழுந்தது என்று தெரிந்தவனுக்கு எவனுடைய பிடி என்று அந்தக் கட்டங்கள் சொல்லிவிடும். இரும்புக்கடைக்காரன் அன்று எடுத்தது மொத்தம் ஒன்பது ஓட்டங்கள். இவர் விட்டது ஒன்பது ஓட்டத்துக்கான பிடி. நாட்டுக்கு இவர் ஆற்றிய தொண்டு அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முதலில், வேடிக்கை முடியட்டும் என்று இருந்தேன். முடியவில்லை. பிறகு, அவர் கதையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சுகம் வந்தது. ஐந்து அடி தூரத்தில் ஒரு மனிதர் கைகளைத் தூக்கித் தன் மகிமையை ஆடிக் காட்டுகிறார். என் அலுமாரியின் இரண்டாவது தட்டில் அவருடைய மகிமை பொய்யென்று எழுதிக் கிடக்கிறது. அந்தச் சுகத்தை நான் விட விரும்பவில்லை.

அவரும் மனிசியும் கனடாவில் உள்ள மகளிடம் போய்ச் சேருவதற்கு முந்தின வருடம், காலி வீதியில் புதிதாக ஒரு விளையாட்டுப் பொருள் கடை திறந்தார்கள். திறந்துவைக்க அந்த ஆட்டக்காரர் வருகிறார் என்று விளம்பரம் ஒட்டினார்கள். நாற்பது வருடத்தில் இவர் ஒருமுறையும் அவரைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. "தகுதி வரேல்லை அண்ணை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது போகப்போகிறாராம். நேரில் சொல்லப்போகிறாராம்.

அன்று மத்தியானம் மனிசி என் கதவைத் தட்டினாள். இம்முறை அரிசிக்காக அல்ல.

"அண்ணை, எனக்குப் பயமாயிருக்கு. இப்பிடி எத்தினை பேர் அவரிட்டப் போய்க் கதை சொல்லுவினம். இவரை விசரன் எண்டு நினைச்சுத் தள்ளிவிட்டா, இவர் அதோட முடிஞ்சார். வேற என்ன இருக்கு இவருக்கு?"

"நான் என்ன செய்ய?"

"உங்கட ஸ்கோர் புத்தகம் இருக்கல்லோ. அதைக் காட்டினா நம்புவார். நீங்களும் வாங்கோ."

நான் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று ஒரு நூலும் வைத்துக் கொடுத்தேன். இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். துடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு ஸ்கோர் புத்தகம் வாசிக்கத் தெரியும். இவருடைய சாமியே, நூறு பேருக்கு முன்னால், இவருக்கு உண்மையைச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் அறுபத்து மூன்று பேர். ஆட்டக்காரர் வயிறு வைத்து, தலை நரைத்து, ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து துடுப்புகளிலும் தொப்பிகளிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆளுக்கு இருபது வினாடி. நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் முறை வந்தது. நாற்பது வருடம் சொன்ன கதை ஒரே வாக்கியமாக வந்தது: "சேர், கொட்டாஞ்சேனையில உங்கட கெச்சை விட்டது நான்."

ஆட்டக்காரர் நிமிர்ந்தார். இவர் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

அவர் கண்ணாடியைப் போட்டார். விரல் முதலில் தன் பெயருக்குத்தான் போனது. எல்லாரும் அப்படித்தான். அந்த வரிசையில் நூற்று முப்பத்தேழு வரை ஓடி, திரும்பி, முதலில் இருந்த நான்கில் வந்து நின்றது. பிறகு கீழே பந்துவீச்சாளரின் கட்டத்துக்குப் போனது. பிறகு மேலே, மற்றவனின் வரிசைக்கு. அங்கே அந்த ஒன்றின் மீது நின்றது. நான் எண்ணினேன். ஆறு வினாடி. மனிசி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், தனக்குத் தெரியாமலே.

அவர் என்னைப் பார்த்தார். "இதை எழுதினது நீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான்."

"நல்ல எழுத்து" என்றார். பிறகு எழுந்து நின்று, பின்னால் நின்ற சனம் முழுவதற்கும் கேட்கும்படி, "இந்த மனிதர் அன்றைக்கு என்னைப் பிடித்திருந்தால் நான் இன்றைக்கு அப்பாவின் லொறியை ஓட்டிக்கொண்டிருப்பேன்" என்றார். சனம் கைதட்டியது. அவர் தடித்த கறுப்பு மையால் என் பக்கத்தின் குறுக்கே, என்னுடைய கட்டங்களின் மீது, இவருடைய பெயரைக் கேட்டு எழுதி, கையெழுத்துப் போட்டார். கூசாமல் பொய் சொன்னார். எவ்வளவு இலகுவாக! இப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான் இவர் பட்டினி கிடந்தார்.

திரும்பி வரும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடிக்கும் படி ஐம்பத்து நான்கு. மனிசி முன்னால் ஏறிப் போய்விட்டாள். நாற்பதாவது படியில் இவர் நின்றார்.

"அண்ணை, அவர் என்னத்துக்கு மற்றவன்ட வரிசையில விரலை வச்சவர்?"

எனக்கு வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னேன். ஒவ்வொரு பந்தாகச் சொன்னேன். வானத்தைப் பார்த்தது, ஓடி இடம் மாறினது, ஒன்று, நான்கு, இரும்புக்கடை, ஒன்பது ஓட்டம். புத்தகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, மைக்குக் கீழே தெரிந்த அந்த ஒன்றையும் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாகிப்போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சதோ?"

"தெரியாமலா? ஆறு வினாடி பார்த்தார்."

"தெரிஞ்சும் அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"ஓம் எண்டு சொல்லுறன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி விவரிப்பது? நூறு அடித்த நாட்களில் கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "அண்ணை" என்றார், "அவர் எனக்காகப் பொய் சொன்னவர்."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மிச்சப் பதினான்கு படியையும் ஓடினார். அறுபத்தேழு வயது. நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியும் அவர் குரல் கேட்டது. மனிசிக்கு முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தார், என் ஒன்றும் நான்கும் உட்பட.

பிறகு மனிசியின் குரல்: "இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டு, எதிரில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவரோ? என்ன மனிசன் அது?"

"விடப்பா" என்றார் இவர். "அண்ணைக்கு விருப்பமான பிளேயர் எண்டு ஒருத்தரும் இல்லை. பாவம்."

பாவமாம். நான்.